குமார் ராக்கர் மேஜர் லீகுக்குப் போன சுத்து வழி

2021 ஜூலைல, அமெரிக்க பேஸ்பாலோட உச்ச மட்டமான மேஜர் லீக்ல ஆடற நியூயார்க் மெட்ஸ் டீம் ட்ராஃப்ட்ல, அதாவது டீம்கள் வரிசையா இளம் ஆட்டக்காரர்கள எடுக்கறதுல, 10ஆவது ஆளா ஒரு காலேஜ் பிட்ச்சர, அதாவது பந்து எறியறவர, எடுத்தாங்க, 60 லட்சம் டாலருக்குப் பேசி முடிச்சாச்சுன்னு செய்தி எல்லாம் வந்துடுச்சு, அப்புறம் மெடிக்கல் டெஸ்ட் ரிசல்ட்ட பாத்துட்டு ஒரு டாலர் கூட தர மாட்டோம்னு விட்டுட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு 2022 ஜூலைல டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அதே பிட்ச்சர 3ஆவது ஆளா எடுத்து 52 லட்சம் டாலருக்கு சைன் பண்ணாங்க. நடுவுல இருந்த ஒரு வருஷத்துல அவர் ஆடினது ஒரு சின்ன ஊர் டீமுக்காக 20 இன்னிங்ஸ் (மூணு அவுட் ஆனா ஒரு இன்னிங்ஸ், ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது), அவ்வளவுதான்.

அவர் பேரு குமார் ராக்கர். பேஸ்பால்ல ஒரு இளம் பிட்ச்சர் எப்படி மேல வர்றாருன்னு புரிஞ்சுக்க இவர் கதைய விட நல்ல கேஸ் எனக்குத் தெரியல, ஏன்னா இவர்கிட்ட திறமை இருக்கான்னு யாருமே எப்பவுமே சந்தேகப்படல. சந்தேகம் எல்லாம் அந்த வலது கையோட உள்ள என்ன இருக்குங்கறதுலதான், அந்தக் கை கெட்டுப்போனா நஷ்டம் யார் தலைல விழும்ங்கறதுலதான்.

முதல்ல ஆளப் பத்தி. 1999 நவம்பர்ல பொறந்தவர். அப்பா ட்ரேசி ராக்கர் அமெரிக்கன் ஃபுட்பால்ல பெரிய ஆளு, ஆபர்ன் யுனிவர்சிட்டில டிஃபென்சிவ் லைன்ல ஆடி 1988ல அவுட்லேண்ட் ட்ராஃபி, லொம்பார்டி அவார்ட் ரெண்டையும் ஒரே வருஷத்துல வாங்கினவர், அப்புறம் என்.எஃப்.எல்.ல ஆடினாரு, அதுக்கப்புறம் முழுநேர கோச் ஆயிட்டாரு. அம்மா இந்திய வம்சாவளி, அம்மாவோட அப்பா அம்மா இந்தியாலேந்து அமெரிக்காவுக்குக் குடியேறினவங்க, அதனாலதான் குமார்ங்கற பேரு. உடம்பு அப்பா மாதிரி, ஆறு அடி அஞ்சு அங்குலம், 110 கிலோ கிட்ட. இந்தியாவுக்கும் பேஸ்பாலுக்கும் சம்பந்தம்னு சொன்னா நெறைய பேருக்கு ரிங்கு சிங், தினேஷ் படேல்தான் ஞாபகம் வரும், ஈட்டி எறிஞ்சிட்டு இருந்த ரெண்டு பேர ஒரு டிவி போட்டில கண்டுபிடிச்சு 2008ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் சைன் பண்ணாங்க, ஆனா ரெண்டு பேருமே மேஜர் லீகுக்குக் கீழ இருக்கற மைனர் லீகத் தாண்டல. கை பலம் இருந்தா மட்டும் பத்தாது, சின்ன வயசுலேந்து பிட்ச்சர் நிக்கற அந்த மேட்டுல நின்னு பந்து போட்டுப் பழகியிருக்கணும். ராக்கர் ஜார்ஜியாவுல வளந்தவர், அங்க ஹைஸ்கூல் பேஸ்பாலே ரொம்ப சீரியஸான விஷயம்.

2018ல ஹைஸ்கூல் முடிச்சப்போ கொலராடோ ராக்கீஸ் இவர 38ஆவது ரவுண்டுல எடுத்தாங்க. அவ்ளோ பின்னாடி எடுத்தாங்களேன்னு பாத்தா திறமை கம்மின்னு தோணும், ஆனா காரணம் அது இல்ல. வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டிக்குப் போறதுன்னு இவர் முடிவு பண்ணிட்டாரு, அதை விட்டுட்டு வரணும்னா பெரிய தொகை கேப்பாருன்னு எல்லா டீமுக்கும் தெரியும், அதான் யாரும் மேல எடுக்கல. நாஷ்வில்ல இருக்கற வாண்டர்பில்ட்ல கோச் டிம் கார்பின்கிட்ட பிட்ச்சரா சேர்றதுங்கறது சாதாரண விஷயமும் இல்ல, டேவிட் ப்ரைஸ், வாக்கர் பியூலர் மாதிரி மேஜர் லீக் பிட்ச்சர்கள் எல்லாம் அங்கேந்து வந்தவங்கதான்.

அங்க முதல் வருஷம், 2019 ஜூன் 8, டியூக் யுனிவர்சிட்டியோட சூப்பர் ரீஜனல் ரெண்டாவது ஆட்டம். மூணு ஆட்டத்துல ரெண்டு ஜெயிக்கறவங்க ஒமாஹாவுல நடக்கற காலேஜ் வேர்ல்ட் சீரிஸுக்குப் போவாங்க. முதல் ஆட்டத்துல வாண்டர்பில்ட் 18-5ன்னு செம அடி வாங்கியிருந்தாங்க, இன்னொண்ணு தோத்தா வருஷமே முடிஞ்சுது. அன்னிக்கு 19 வயசுப் பையன் ஒருத்தன் 9 இன்னிங்ஸும் போட்டு ஒரு ஹிட் கூட, அதாவது அடிச்சுட்டு பேஸுக்கு ஓடிச் சேர்ற அடி கூட, குடுக்கல, 27 அவுட்ல 19 ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூணு ஸ்ட்ரைக்ல பேட்ஸ்மேன் அவுட் ஆனது. சூப்பர் ரீஜனல் வரலாற்றுலயே அதுதான் முதல் நோ-ஹிட்டர்.

அந்த ஆட்டத்துல பேட்ஸ்மேன்கள வீழ்த்தினது ஸ்லைடர். வலது கை பேட்ஸ்மேனுக்கு அந்தப் பந்து எப்படித் தெரியும்னா, கைலேந்து வெளிய வரும்போது ஃபாஸ்ட்பால் மாதிரியே வரும், நடு ஸ்ட்ரைக் ஸோன் பக்கம், அதாவது அடிக்க வசதியான இடத்துக்கு, வர்ற மாதிரி இருக்கும், பேட்ட சுத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் கடைசி சில அடில கீழயும் வெளிப்பக்கமும் சரிஞ்சு ஓடும். பிட்ச்சர் நிக்கற ரப்பர்லேந்து பேட்ஸ்மேன் பக்கத்துல இருக்கற ஹோம் ப்ளேட் வரைக்கும் 60 அடி 6 அங்குலம்தான், ஃபாஸ்ட்பால் அந்த தூரத்தத் தாண்ட அரை செகண்டு கூட ஆகாது, அதுக்குள்ள இது ஃபாஸ்ட்பாலா ஸ்லைடரான்னு முடிவு பண்ணியாகணும். டியூக் பேட்ஸ்மேன்கள் திரும்பத் திரும்ப தரைய நோக்கிப் போற பந்துக்கு பேட்ட வீசிட்டு நின்னாங்க.

அதே ராத்திரி அவர் போட்ட பந்து மொத்தம் 131. மேஜர் லீக்ல இன்னிக்கு ஒரு பிட்ச்சர் 100 தாண்டினாலே மேனேஜர் எழுந்து வருவாரு. அந்த 131தான் பின்னாடி கைய பாதிச்சுதுன்னு நான் சொல்ல வரல, அப்படி ஒரே ஒரு ராத்திரிய காரணமா காட்ட யாராலயும் முடியாது, ஆனா காலேஜ் கோச்சுக்கு இந்த வருஷம் ஜெயிக்கணும், அந்தக் கைய அடுத்த பத்து வருஷம் வச்சு ஆடப்போறது வேற யாரோ. இந்த ரெண்டு நோக்கமும் ஒண்ணா போகாது. இது வாண்டர்பில்ட்ல மட்டும் இல்ல, எல்லா காலேஜ்லயும் இதான் நிலைமை.

ஒமாஹாவுலயும் ஃபைனல் சீரிஸ்ல மிச்சிகன்கிட்ட முதல் ஆட்டம் போன பிறகு ரெண்டாவது ஆட்டத்துல இவர்தான் காப்பாத்தினாரு, 11 ஸ்ட்ரைக் அவுட், வாண்டர்பில்ட் சாம்பியன், இவர் தொடரோட சிறந்த ஆட்டக்காரர். 2020 சீசன் கோவிட்ல போச்சு. 2021ல இவரும் ஜாக் லைட்டரும், அதாவது பழைய மெட்ஸ் பிட்ச்சர் அல் லைட்டரோட பையன், ஒரே டீம்ல வெள்ளிக்கிழமை ஒருத்தர் சனிக்கிழமை ஒருத்தர்னு போட்டாங்க, சீசன் முடிவுல ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 179 ஸ்ட்ரைக் அவுட். ராக்கர் 122 இன்னிங்ஸ், 14 வெற்றி, இ.ஆர்.ஏ. 2.73, அதாவது 9 இன்னிங்ஸுக்கு சராசரியா மூணு ரன்னுக்கும் கீழ. ஆனா அந்த சீசன் நடுவுல ஒரு விஷயத்த எல்லா ஸ்கவுட்டும், அதாவது டீம்களுக்காக ஆள் தேடறவங்க, கவனிச்சாங்க, வழக்கமா மணிக்கு 95 மைலுக்கு மேல போற ஃபாஸ்ட்பால் சில ஆட்டங்கள்ல 90, 91ன்னு இறங்குச்சு. அப்புறம் திரும்ப ஏறவும் செஞ்சுது. ஏறினது முக்கியம் இல்ல, இறங்குச்சே, ஏன்? அந்தக் கேள்வியோடதான் ட்ராஃப்ட் நாள் வந்துச்சு.

இங்க ட்ராஃப்ட் எப்படி வேல செய்யுதுன்னு கொஞ்சம் சொல்லணும், இது தெரியாம மெட்ஸ் பண்ணினது புரியாது. அமெரிக்கால ஒரு காலேஜ் பிட்ச்சர் தனக்குப் பிடிச்ச டீமோட பேசி சேர முடியாது, எந்த டீம் எடுக்குதோ அந்த ஒரு டீம்கிட்ட மட்டும்தான் பேச முடியும். ஒவ்வொரு இடத்துக்கும் லீக் ஒரு தொகைய நிர்ணயம் பண்ணி வச்சிருக்கு, அதுக்கு ஸ்லாட்னு பேரு, ஒரு டீமோட முதல் பத்து ரவுண்டு ஸ்லாட்டெல்லாம் கூட்டினா வர்றதுதான் அந்த டீமோட பூல். ஒருத்தருக்கு ஸ்லாட்ட விட அதிகமா குடுக்கலாம், இன்னொருத்தர்கிட்ட குறைச்சுக்கணும், மொத்தம் பூல 5 சதவீதத்துக்கு மேல தாண்டினா அடுத்த வருஷ முதல் ரவுண்டு பிக்கே, அதாவது ஆள் எடுக்கற வாய்ப்பே, போயிடும். 2021ல 10ஆவது இடத்தோட ஸ்லாட் சுமார் 47 லட்சம் டாலர், மெட்ஸ் 60 லட்சம்னு ஒத்துக்கிட்டாங்க, அதாவது ராக்கர் அவ்ளோ கீழ விழுவாருன்னு அவங்களே எதிர்பாக்கல, கெடச்சதும் மத்த ரவுண்டுல சேமிச்சு இவருக்குக் குடுக்கப் பாத்தாங்க.

அப்புறம் மெடிக்கல். பழைய வண்டி வாங்கறவங்க பேசி முடிச்சதுக்கு அப்புறம் மெக்கானிக்க கூட்டிட்டு வந்து பானட்டத் திறந்து பாக்கற மாதிரி, சைன் பண்றதுக்கு முன்னாடி டீம் டாக்டர் கைய எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாப்பாரு. ட்ராஃப்டுக்கு முன்னாடியே எம்.ஆர்.ஐ. எடுத்து லீகுக்குக் குடுக்கற ஒரு திட்டமும் அப்ப இருந்துச்சு, அதுல கலந்துக்கிட்டவங்களுக்கு டீம் மெடிக்கல்ல என்ன கண்டுபிடிச்சாலும் ஸ்லாட்ல 40 சதவீதமாவது குடுத்தாகணும், குடுக்கலன்னா ஆள் ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமோட வேணா பேசலாம். ராக்கர் அதுல கலந்துக்கல. முன்னாடியே கலந்துக்கிட்டு ஏதாவது தெரிஞ்சுட்டா எல்லா டீமும் பாத்துடும், விலை விழுந்துடும், அதனால நெறைய பெரிய பிட்ச்சர்கள் அப்ப கலந்துக்காம இருந்தாங்க. அதோட விளைவு, மெட்ஸ் ஒண்ணுமே குடுக்காம ஒதுங்கலாம், ஒதுங்கினா தண்டனை கிடையாது, பதிலா அடுத்த வருஷம் 11ஆவது பிக் இலவசமா கெடைக்கும். ஆகஸ்ட் 1 கெடு முடிஞ்சுது, ஒரு ஆஃபர் கூட வரல. அவரோட ஏஜென்ட் ஸ்காட் போரஸ் கை நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாரு, மெட்ஸ் ஓனர் ஸ்டீவ் கோஹன் ட்விட்டர்ல ட்ராஃப்ட் பிக்குங்கறது ஸ்லாட் தொகைய விட அஞ்சு மடங்கு வரைக்கும் ஒரு டீமுக்கு மதிப்புள்ளதுன்னும், அப்படி லாபம் தர்ற முதலீட்ட தான் தவிர்க்கறதில்லன்னும் எழுதினாரு.

அந்த ட்வீட்டுல உண்மை இருக்கு, அதான் பிரச்சனையே. ஒரு இளம் பிட்ச்சர் மேஜர் லீக்ல முதல் சில வருஷம் ரொம்பக் குறைஞ்ச சம்பளத்துல ஆடுவாரு, டீமுக்கு லாபம் அங்கதான், அதனால வாங்கறது இன்னிக்கு அவர் போடற ஸ்லைடர இல்ல, இன்னும் அஞ்சாறு வருஷம் அந்தக் கை தாங்குமாங்கறத. மெட்ஸ் டாக்டர்கள் தாங்காதுன்னு நெனச்சாங்க. அவங்க முட்டாள்தனமா நெனச்சாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், பின்னாடி நடந்தது அதுக்கு இடம் குடுக்கல. ஆனா 21 வயசுப் பையனோட நிலைய யோசிங்க, வேற டீமோட பேச உரிமை இல்ல, தன் கைய பத்தி ஊரே பேசுது, எந்த டாக்டர் என்ன பாத்தாருன்னு வெளிய சொல்லவும் முடியாது, அந்த டீமுக்கு மட்டும் அடுத்த வருஷம் புது பிக். நஷ்டம் முழுக்க ஒரு பக்கம். அந்த விதி அநியாயமானது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. லீகும் கடைசில அப்படித்தான் நெனச்சிருக்கணும், 2022ல வந்த புது ஒப்பந்தத்துல ட்ராஃப்டுக்கு முன்னாடி மெடிக்கல் குடுத்தவங்கள அப்புறம் கையக் காரணம் காட்டி விட முடியாது, ஸ்லாட்ல 75 சதவீதம் நிச்சயம்னு மாத்தினாங்க. இவர் கேஸ்தான் அந்த மாற்றத்துக்குக் காரணம்னு பரவலா பேசப்படுது.

சரி, அந்தக் கைக்குள்ள அப்படி என்னதான் பயம்? முழங்கையோட உள்பக்கம், மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் கட்டிப் பிடிக்கற ஒரு சின்ன தசைநார் இருக்கு, யு.சி.எல்.னு சொல்வாங்க. பிட்ச்சர் கைய பின்னாடி கொண்டுபோயி, தோள் முழுசா வெளிப்பக்கம் திரும்பி, அங்கேந்து முன்னாடி சுண்டும்போது முழங்கை உள்பக்கமா பிளந்துக்கப் பாக்கும், அத இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கறது முக்கியமா அந்த நார்தான். கிரிக்கெட்ல வேகமா போடறவங்களுக்கு இந்தப் பிரச்சனை அவ்வளவா வராது, கைய நீட்டிப் போடணும்ங்கறது விதி, ஓடி வர்ற வேகமும் சேருது, அவங்களுக்கு அடி முதுகு எலும்புலயும் கணுக்கால்லயும்தான். பேஸ்பால்ல நின்ன இடத்துலேந்து கைய மடக்கி எறியறாங்க, வேகம் முழுக்க முழங்கையும் தோளும் கடந்துதான் போகணும். மணிக்கு 98 மைல், அதாவது 158 கிலோமீட்டர் வேகத்துல, ஒரு ஆட்டத்துக்கு 90 தடவ.

அந்த நார் கிழிஞ்சா முன்னெல்லாம் ஆட்டமே முடிஞ்ச மாதிரி. 1974ல டாக்டர் ஃப்ராங்க் ஜோப் டாட்ஜர்ஸ் பிட்ச்சர் டாமி ஜானுக்கு கைலேந்தே வேற ஒரு நார எடுத்து, எலும்புல ஓட்ட போட்டு அதக் கோத்து, கிழிஞ்ச நாருக்கு பதிலா வச்சாரு. டாமி ஜான் திரும்பி வந்து இன்னும் 164 ஆட்டம் ஜெயிச்சாரு. இன்னிக்கு அந்த ஆபரேஷனுக்கே அவர் பேருதான், குணமாக ஒரு வருஷத்துலேந்து ஒன்றரை வருஷம். இப்ப இது எவ்ளோ சாதாரணமா போச்சுன்னா அதே வாண்டர்பில்ட் வாக்கர் பியூலர 2015ல டாட்ஜர்ஸ் முதல் ரவுண்டுல எடுத்து, உடனே டாமி ஜான் பண்ண வச்சு, காத்திருந்து, 2017ல மேஜர் லீகுக்குக் கொண்டு வந்தாங்க. 2024 டிசம்பர்ல மேஜர் லீக நடத்தற எம்.எல்.பி.யே பிட்ச்சர் காயங்கள பத்தி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டுச்சு, வேகத்த ஏத்தறதும் ஒவ்வொரு பந்தயும் முழு பலத்தோட போடறதும்தான் முக்கியக் காரணம்னு அதுல சொன்னாங்க. ஆனா வேகம் இருக்கறவங்களத்தான் டீம்கள் எடுக்கறாங்க, அதனால 15 வயசுப் பையனும் வேகத்ததான் தேடுவான், அறிக்கையால அது மாறிடாது.

மெட்ஸ் விட்டதுக்கு அப்புறம் ராக்கர் காலேஜுக்குத் திரும்பல. 2021 செப்டம்பர்ல தோள்ல ஒரு சின்ன ஆபரேஷன் நடந்துச்சு, அது வெளிய தெரிஞ்சதே ரொம்ப நாள் கழிச்சுதான். 2022 ஜூன்ல ட்ரை-சிட்டி வேலிகேட்ஸ்னு ஒரு டீம்ல சேந்தாரு. நியூயார்க் மாநிலத்துல ட்ராய்ங்கற ஊரு, டீம் ஆடறது ஃப்ரான்டியர் லீக்ல, மேஜர் லீக் டீம் எதோடயும் இணைப்பு இல்லாத தனி லீக். இந்த வேலிகேட்ஸ் ஒரு காலத்துல ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸோட மைனர் லீக் டீமா இருந்தது, 2020 முடிவுல எம்.எல்.பி. மைனர் லீக் டீம்கள 120ஆ குறைச்சப்போ நாப்பதுக்கு மேல டீம்கள் வெளிய தள்ளப்பட்டுச்சு, அதுல இதுவும் ஒண்ணு. சிஸ்டம் கழட்டிவிட்ட ஒரு டீம்ல சிஸ்டம் கழட்டிவிட்ட ஒரு பிட்ச்சர். அங்க மேனேஜர் பீட் இன்கவிலியா, எண்பதுகள்ல ரேஞ்சர்ஸுக்கு ஹோம் ரன் அடிச்சவர், 1985ல மான்ட்ரியால் எக்ஸ்போஸ் இவர ட்ராஃப்ட் பண்ணப்போ அங்க ஆட மாட்டேன்னு நின்னு டெக்சாஸுக்கு மாத்தி வாங்கிட்டுப் போனவர், அதுக்கப்புறம்தான் ட்ராஃப்ட்ல எடுத்தவர ஒரு வருஷத்துக்கு மாத்தக் கூடாதுன்னு லீக் விதி போட்டுச்சு. ட்ராஃப்டோட மோதினதால விதியவே மாத்த வச்ச ரெண்டு பேரு, அந்த வருஷம் ட்ராய்ல ஒரே டக்அவுட்ல உக்காந்திருந்தாங்க.

அங்க அஞ்சே ஆட்டம். 20 இன்னிங்ஸ், 32 ஸ்ட்ரைக் அவுட், 4 வாக் (ஸ்ட்ரைக் ஸோனுக்கு வெளிய நாலு பந்து போட்டு பேட்ஸ்மேன சும்மா பேஸுக்கு அனுப்பறது), இ.ஆர்.ஏ. 1.35, ஃபாஸ்ட்பால் 99 மைல் வரைக்கும். எதிர்ல ஆடினவங்க மேஜர் லீக் தரம் இல்ல, அதனால ரன் விடாதது பெருசு இல்ல. ஸ்கவுட்டுகள் பாக்க வந்தது வேற, வேகம் இருக்கா, ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவுல வேகம் குறையுதா, கை சுத்தற விதம் மாறியிருக்கா. வேகம் இருந்துச்சு.

அப்பவும் 2022 ட்ராஃப்ட்ல முதல் ரவுண்டு கடைசிலயோ ரெண்டாவது ரவுண்டுலயோதான் போவாருன்னு எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க. ஓரியோல்ஸ் ஜாக்சன் ஹாலிடேய எடுத்தாங்க, டயமண்ட்பேக்ஸ் ட்ரூ ஜோன்ஸ எடுத்தாங்க, மூணாவதா ரேஞ்சர்ஸ் குமார் ராக்கர்னு சொன்னப்போ ஹால்ல எல்லாரும் அசந்துட்டாங்க. இதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. ரேஞ்சர்ஸ் அதுக்கு முந்தின குளிர்காலத்துல கோரி சீகரயும் மார்க்கஸ் செமியனயும் பெரிய பணத்துக்கு வாங்கினதால ரெண்டாவது, மூணாவது ரவுண்டு பிக்குகள இழந்திருந்தாங்க. கைல இருந்த மொத்த பூல் சுமார் 96 லட்சம் டாலர், அதுல மூணாவது இடத்தோட ஸ்லாட் மட்டும் சுமார் 76 லட்சம். ராக்கர் 52 லட்சத்துக்கு ஒத்துக்கிட்டதால இருபது லட்சத்துக்கு மேல மிச்சம், அத வச்சு நாலாவது ரவுண்டுல ப்ராக் போர்ட்டர்னு ஒரு ஹைஸ்கூல் பிட்ச்சருக்கு 37 லட்சம் குடுத்து இழுத்தாங்க. முதல் ரவுண்டு தரத்துல ரெண்டு கை, ஒரு பிக் விலைல. போன வருஷம் ராக்கரோட பலவீனமா இருந்த மெடிக்கல் ரிப்போர்ட்டே டெக்சாஸுக்கு பேரம் பேச வசதியாச்சு, ராக்கருக்கும் மெட்ஸ் பேசின தொகைக்குக் கிட்டத்தட்ட வந்துடுச்சு. போர்ட்டர் அதுக்கப்புறம் ஸ்ட்ரைக் ஸோனுக்குள்ள பந்து போட முடியாம ரொம்பவே திணறினாரு. பிட்ச்சர்கள் விஷயம் இப்படித்தான், ஒரு டீம் நாலு பேர எடுத்தா ஒருத்தர் தேறினாலே நல்ல வருஷம்.

எடுத்ததுக்கு அப்புறம் படி ஏறணும். ரூக்கி, லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ, அதுக்கு மேல மேஜர் லீக். ராக்கர ரேஞ்சர்ஸ் 2023ல நேரா நார்த் கரோலினாவுல இருக்கற ஹிக்கரிக்கு, ஹை-ஏவுக்கு அனுப்பினாங்க. 6 ஆட்டம், 28 இன்னிங்ஸ், 42 ஸ்ட்ரைக் அவுட். மே மாசம் முழங்கை நார் போச்சு. டாமி ஜான்.

மெட்ஸ் சரியாத்தான் சொன்னாங்கன்னு அன்னிக்கு பல பேர் பேசினாங்க. பாதி உண்மைதான். ஆனா ஒரு பிட்ச்சரோட கை உடையுமான்னு கேட்டா பெரும்பாலும் உடையும்னு சொல்லிட்டா தப்பாவே போகாது, கேக்க வேண்டியது உடைஞ்சதுக்கு அப்புறம் திரும்பி வருவாரா, அதுக்குக் காத்திருக்க அந்த டீம் தயாராங்கறது. டெக்சாஸ் தயாரா இருந்தாங்க. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் பல மாசம் பந்தத் தொடவே முடியாது, அப்புறம் சமதரைல 45 அடி தூரத்துக்கு மெதுவா எறியறது, 60 அடி, 90, 120ன்னு ஏத்திக்கிட்டே போறது, அதுக்கப்புறம்தான் மேட்டுல நிக்கறது, முதல்ல ஃபாஸ்ட்பால் மட்டும், கடைசிலதான் ஸ்லைடர், அப்புறம் பேட்ஸ்மேன் எதிர்ல. தன்னோட வயசுக்காரங்க டிவில ஆடிட்டு இருக்கும்போது வெறும் மைதானத்துல ஒரு ட்ரெய்னரோட நாள்பூரா இதப் பண்ணனும். ராக்கருக்கு பேங்குல பணம் இருந்துச்சு, அது இல்லாதவங்க நிலைமைய நெனச்சுப் பாருங்க, 2023ல மைனர் லீக் ஆட்டக்காரர்கள் யூனியன் சேந்து ஒப்பந்தம் போட்டதுக்கு அப்புறமே டபுள்-ஏ சம்பளம் வருஷத்துக்கு 30,250 டாலர், அதுக்கு முன்னாடி 13,800.

2024 ஜூலைல திரும்பி வந்தாரு. அரிசோனா காம்ப்ளெக்ஸ் (ரூக்கி), ஃப்ரிஸ்கோ (டபுள்-ஏ), ரவுண்ட் ராக் (ட்ரிபிள்-ஏ)னு மூணு படி, மொத்தம் 37 இன்னிங்ஸ் கிட்ட, 55 ஸ்ட்ரைக் அவுட், 5 வாக். முழங்கைல புது நார் வச்சுட்டு வர்றவங்களுக்கு வேகம் முதல்ல திரும்பும், கன்ட்ரோல் லேட்டா வரும்னுதான் எல்லாரும் எதிர்பாப்பாங்க, அதனால எனக்கு அந்த 55ஐ விட 5தான் ஆச்சரியம்.

செப்டம்பர் 12, சியாட்டில்ல மரைனர்ஸோட, மேஜர் லீக் முதல் ஆட்டம். 4 இன்னிங்ஸ், 3 ஹிட், 1 ரன், 7 ஸ்ட்ரைக் அவுட். அடுத்த நாள் அதே மைதானத்துல அதே டீமுக்காக மேட்டுல ஏறினது ஜேக்கப் டிக்ராம், வருஷத்தோட சிறந்த பிட்ச்சருக்குக் குடுக்கற சை யங் அவார்ட ரெண்டு தடவ வாங்கினவர், அவருக்கும் ராக்கருக்கு ஒரு மாசம் பின்னாடி 2023 ஜூன்லதான் அதே முழங்கை ஆபரேஷன், அன்னிக்குத்தான் அவரும் திரும்பி வந்தாரு. 24 வயசு புது ஆளும் 36 வயசு ஜாம்பவானும் ஒரே சமயத்துல ஒரே ரீஹேப் பண்ணிட்டு ஒரு நாள் இடைவெளில வர்றாங்க. இந்தத் தொழில் எப்படிப்பட்டதுன்னு அந்த ரெண்டு நாள் ஸ்கோர் கார்டுலயே இருக்கு.

அதோட எல்லாம் சரியாயிடுச்சான்னா இல்ல. 2025 சீசன டெக்சாஸ் ரொட்டேஷன்ல, அதாவது முறை வச்சு ஆட்டத்த ஆரம்பிக்கற பிட்ச்சர்கள்ல ஒருத்தரா, ஆரம்பிச்சாரு, ஏப்ரல் கடைசில தோள் பிரச்சனைல உக்கார வேண்டியதாச்சு, திரும்பி வந்தாரு, ஆகஸ்ட்ல ட்ரிபிள்-ஏவுக்கு அனுப்பிட்டாங்க, 14 ஆட்டத்துல இ.ஆர்.ஏ. 5.74. ஸ்லைடர் இன்னும் ஸ்லைடர்தான், ஃபாஸ்ட்பால்தான் அடி வாங்குது. வேகம் இருந்தாலும் பந்து பெருசா அசையாம நேரா போனா மேஜர் லீக் பேட்ஸ்மேன் அடிச்சுடுவாரு, அதுவும் இடது கை பேட்ஸ்மேனுக்கு இந்த ஸ்லைடர் அவர் பேட்ட நோக்கியே உள்ள வரும், வெளிய ஓடற ஒரு பந்து கைல இல்லன்னா அவங்களோட திரும்பத் திரும்ப மோதறது கஷ்டம். காலேஜ்ல ரெண்டு பந்து போதும், ஒரே ராத்திரில 19 ஸ்ட்ரைக் அவுட் எடுக்கலாம். இங்க ஒரே பேட்ஸ்மேன் மூணாவது தடவ வந்து நிக்கும்போது அந்த ரெண்டயும் அவர் பாத்து முடிச்சிருப்பாரு.

கீழ அனுப்பறதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஒரு ஆட்டக்காரர 40 பேர் லிஸ்ட்ல சேத்தா, வழக்கமா மூணு சீசன்ல மட்டும்தான் இஷ்டத்துக்கு மைனர் லீகுக்கு இறக்கலாம், அதுக்கப்புறம் இறக்கணும்னா மத்த டீம்களும் அவர எடுத்துக்க வாய்ப்பு குடுத்தாகணும். மேல இருக்கற ஒவ்வொரு நாளும் கணக்குல ஏறும், 172 நாள் சேந்தா ஒரு வருஷம், சாதாரணமா மூணு வருஷம் ஆனாதான் சம்பளத்துக்கு வாதாட முடியும், ஆறு வருஷம் ஆனாதான் தனக்குப் பிடிச்ச டீமுக்குப் போக முடியும். காலேஜ்லேந்து 2021லயே சைன் ஆகியிருந்தா அந்தக் கடிகாரம் இன்னும் முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருக்கலாம். ஒரு வருஷம் மெட்ஸால போச்சு, ஒரு வருஷத்துக்கு மேல முழங்கையால போச்சு, இப்ப அவர் முதல் தடவையா தனக்கான டீம் எதுன்னு தானே முடிவு பண்ணப்போறது முப்பது வயசத் தாண்டினதுக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் டெக்சாஸ் எங்க அனுப்புதோ அங்கதான், ரவுண்ட் ராக்ல நின்னு அந்த மூணாவது பந்தப் பழகினாலும் சரி, ரேஞ்சர்ஸ் மைதானம் இருக்கற ஆர்லிங்டன்ல அத பெரிய ஆளுங்க மேல போட்டுப் பாத்தாலும் சரி.